பசலை என்பது என்ன நிறம்?

“பசலை என்று சங்கப் பாடல்களில் அடிக்கடி வருகிறதே, அது மஞ்சளா, பச்சையா, வெறும் வெளுப்பா? இன்றைக்கு எழுதும்போது அந்தச் சொல்லை எங்கே வைக்கலாம்?” இதுதான் கேள்வி.

முதலில் நேரடிப் பதில். பசலை என்பது பொன்மஞ்சளை ஒட்டிய, சில நேரம் பச்சை தட்டிய, மிக மெல்லிய நிறம். தலைவனைப் பிரிந்த தலைவியின் நெற்றியிலும் தோளிலும் கண்ணிலும் அது தோன்றும் என்பது அக இலக்கிய மரபு. தேர்வுக்கு இது போதும். ஆனால் ஒரு நிறத்தின் பெயராக மட்டும் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டால் பாதிப் பாடல்கள் பிடிபடாது. சிவப்பு, நீலம் போலத் தாளில் பூசிக் காட்டக்கூடியது அல்ல பசலை. ஓர் உடம்பில் இருந்த நிறம் விலகும்போது அந்த இடத்தில் தெரிவது அது. உரைகளில் ‘நிற வேறுபாடு’ என்று பொருள் எழுதியிருப்பதைப் பார்த்து, எந்த நிறம் என்று சொல்லாமல் மழுப்புகிறார்கள் என்று சிலர் நினைப்பதுண்டு. எனக்கு அதைவிடச் சரியான விளக்கம் தெரியவில்லை.

மஞ்சளா பச்சையா என்ற குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். பச்சை என்றதும் நமக்கு இலைதான் கண்ணில் வருகிறது. ஆனால் ‘பசு’ என்ற வேரின் எல்லை அதைவிட அகலமானது. பசும்பொன் என்கிறோம், பொன் மஞ்சள். பச்சரிசி வெள்ளை. பச்சைத் தண்ணீருக்கு நிறமே கிடையாது. பச்சிளங்குழந்தை, பச்சைப் புண், பச்சை மண் எல்லாவற்றிலும் முற்றாத, ஆறாத, காயாத, வேகாத என்ற பொருள்தான் ஓடுகிறது. நிறமாக எடுத்துக்கொண்டால் இளந்தளிரின் மஞ்சள்பச்சை முதல் பொன்னின் மஞ்சள் வரை அந்த வேருக்குள் வந்துவிடும். பசத்தல் என்ற வினையும் பசப்பு, பசலை என்ற பெயர்களும் அதிலிருந்து கிளைத்தவை. ஆகவே இரண்டில் எது என்று கேட்பதே, பச்சையையும் மஞ்சளையும் வேறு வேறு பெட்டியில் போட்டுவிட்ட நம் பழக்கத்தால் வருவது.

கிரேக்கத்திலும் இப்படி ஒரு சொல் உண்டு. குளோரோஸ் என்பது இளம்பச்சையையும் வெளிறிய மஞ்சளையும் சேர்த்தே குறிக்கும். காதலால் தவிக்கும் நிலையைப் பாடும்போது சாப்போ என்ற கவிஞர், தான் புல்லைவிட குளோரோஸ் ஆகிவிட்டதாகச் சொல்கிறார். அதைப் பச்சை என்று பெயர்ப்பதா, வெளிறினேன் என்று பெயர்ப்பதா என்பதில் மொழிபெயர்ப்பாளர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் நிற்கிறார்கள். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. ‘பசந்தேன்’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

சரி, பாடல்களுக்கு வருவோம். பசலைக்கு ஒப்பாகப் பொன்னும் பீர்க்கம்பூவும் வரும். குறுந்தொகை 98ஆம் பாடல், கோக்குளமுற்றனார் பாடியது. தலைவி தோழியிடம் சொல்கிறாள்: நம் தோட்டத்துப் புதரில் மழைக்காலத்துப் பீர்க்கம்பூ பூத்திருக்கிறது, அதில் சிலவற்றை எடுத்துக்கொண்டு அவரிடம் போய், ‘இன்னள் ஆயினள் நன்னுதல்’ என்று சொல்ல ஆள் கிடைத்தால் நல்லது. பசலை என்ற சொல்லே இந்தப் பாடலில் கிடையாது. ‘நல்ல நெற்றியுடையவள் இப்படி ஆகிவிட்டாள்’ என்பதுதான் சேதி; எப்படி என்பதைப் பூ சொல்லும். பெயிண்ட் வாங்கப் போகிறவர் நிற அட்டையைக் கையோடு கொண்டுபோகிற மாதிரி, நிறத்துக்குப் பேர் சொல்லாமல் மாதிரியை அனுப்பிவிடுகிறாள். பீர்க்கம்பூ பளிச்சென்ற மஞ்சள். மனிதத் தோல் அந்த அளவுக்கு மஞ்சளாகாது. உவமை மிகைதான், ஆனால் நிறம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை ஐயமில்லாமல் காட்டிவிடுகிறது.

இதற்கு நேர் எதிராகச் சிலர் எடுத்துக்காட்டுவது குறுந்தொகை 399, பரணர் பாடல். அதில் பசலைக்குப் பாசி உவமை. பாசி பச்சை, ஆகவே பசலையும் பச்சை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பாடலை முழுதாகப் பார்க்க வேண்டும்:

ஊருண் கேணி உண்துறைத் தொக்க
பாசி அற்றே பசலை, காதலர்
தொடுவுழித் தொடுவுழி நீங்கி
விடுவுழி விடுவுழிப் பரத்த லானே.

ஊரார் நீர் எடுக்கும் துறையில் பாசி படர்ந்திருக்கிறது. கை பட்ட இடத்தில் விலகும். கையை எடுத்ததும் மறுபடி மூடிக்கொள்ளும். காதலர் தொட்ட இடமெல்லாம் விலகி, விட்ட இடமெல்லாம் பரவுவதால் பசலை பாசி போன்றது என்கிறாள். பசலை ஏன் பாசி போன்றது என்பதற்குப் பாடலே காரணம் சொல்கிறது. அந்தக் காரணத்தில் நிறம் இல்லை, நடமாட்டம் இருக்கிறது. நாலே அடி. பசலையைப் பற்றி ஒரே ஒரு பாடலைத்தான் காட்டலாம் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இனி, விலகுகிற நிறம் எது என்று பார்க்க வேண்டும். அதற்கும் ஒரு பெயர் உண்டு: மாமை. ‘மா’ என்பதற்குக் கருமை என்றும் பொருள், மாமரம் என்றும் பொருள். மாந்தளிர் நிறம் என்று பலரும் விளக்குவார்கள். மாமரத்தில் புதுத் தளிர் வரும்போது பார்த்தால் தெரியும், அது பச்சையாக இருக்காது. செம்பும் பழுப்பும் கலந்து, ஈரம் பட்டது போல மினுமினுக்கும். இலை முற்றிப் பச்சையம் ஏற ஏறத்தான் பச்சையாகும். அந்தத் தளிரின் மினுக்கம் உள்ள மேனியை மாமை என்றார்கள். நார் உரித்த ஆம்பல் தண்டையும் மாமைக்கு உவமையாகச் சொல்வார்கள்; நற்றிணை 6இல் அப்படி வருகிறது. இன்றைக்கு மாநிறம் என்று நாம் சொல்வது இதன் தொடர்ச்சி. ஆனால் மாநிறம் இப்போது ‘கறுப்புமில்லை சிவப்புமில்லை’ என்ற நடுவாந்தர அளவாகச் சுருங்கிவிட்டது. பெண் பார்க்கும் பேச்சில் அது ஒரு சமாதானச் சொல். பழைய மாமையில் அந்த இழுவை கிடையாது. அது அழகின் பெயர். ‘மாமைக் கவின்’ என்று கவினோடு சேர்த்தே சொல்வார்கள்.

மாமையையும் பசலையையும் ஒரே இடத்தில் வைத்துப் பாடியவர் வெள்ளிவீதியார். குறுந்தொகை 27. நல்ல பசுவின் இனிய பால், கன்றும் குடிக்காமல் கறக்கும் கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்தியது போல, எனக்கும் ஆகாமல் என் தலைவனுக்கும் உதவாமல், என் மாமைக் கவினைப் பசலை உண்ணப் பார்க்கிறது என்கிறாள். ‘பசலை உணீஇயர் வேண்டும்’ என்ற வினையைக் கவனிக்க வேண்டும். பசலை வந்து மேலே அப்பிக்கொள்ளவில்லை, உள்ளதைத் தின்கிறது. மாமை இருந்தால்தான் பசலைக்குச் சாப்பாடு. வெறுந்தரையில் பசலை படராது.

இந்த இடத்தில் பலருக்கும் வரும் சந்தேகம், இது கற்பனையா, உண்மையாகவே உடம்பில் தெரியக்கூடியதா என்பது. தோலுக்கு அடியில் ஓடும் இரத்தத்தின் சிவப்பும் நம் மேனி நிறத்தில் ஒரு பங்கு. சோகையாலோ வேறு காரணத்தாலோ அந்தச் சிவப்பு குறைந்தால் வெண்தோல் உள்ளவர் வெளுத்துப்போவார். மிகக் கருந்தோலில் அதே குறைவு சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். இரண்டுக்கும் இடைப்பட்ட பழுப்பு மேனியில் அது மஞ்சள் ஓடிய பழுப்பாகத் தெரியும். மருத்துவம், செவிலியம் படிப்பவர்களுக்கு இதைத் தனியாகவே சொல்லிக்கொடுப்பார்கள். இமையின் உட்புறம், நாக்கு, நகக்கண், உள்ளங்கை எல்லாம் பார்க்கச் சொல்வதும் இதற்காகத்தான். ஆக, மாமை நிற மேனி பொலிவிழந்தால் பொன்மஞ்சளாகத் தெரியும் என்று பாடியவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் பாடியிருக்கிறார்கள். ‘வெளுத்துவிட்டாள்’ என்று அவர்கள் பாடியிருந்தால்தான் எனக்கு ஐயம் வந்திருக்கும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலும் இதற்கு ஒத்துவருகிறது. பிரிவுத் துன்பத்தின் அறிகுறிகளை அடுக்கும் இடத்தில் ‘பசியட நிற்றல், பசலை பாய்தல், உண்டியிற் குறைதல், உடம்புநனி சுருங்கல், கண்துயில் மறுத்தல்’ என்று போகிறது. பசலைக்கு முன்னால் பசி, பின்னால் சாப்பாடு குறைதல், உடம்பு மெலிதல், தூக்கமின்மை. சாப்பிடாமல் தூங்காமல் கிடக்கும் ஒரு பெண்ணின் உடம்பில் நடக்கிறவைதான் எல்லாம்.

அதற்காகப் பசலை என்றால் சோகை என்று எழுதிவிடக் கூடாது. மேலே சொன்ன குளோரோஸ் என்ற சொல்லை வைத்து ஐரோப்பிய மருத்துவர்கள் குளோரோசிஸ் என்று ஒரு நோய்க்குப் பெயரிட்டார்கள். யோகன்னஸ் லாங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1554இல் அதை மணமாகாத இளம்பெண்களின் நோய் என்று விவரித்து, கல்யாணம் செய்துவைப்பதையே மருந்தாகச் சொன்னார். பின்னாளில் அதைப் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை என்று புரிந்துகொண்டார்கள். பசலைக்கும் யாராவது இப்படி மருத்துவப் பெயர் சூட்டினால், பரணர் பாடல் குறுக்கே நிற்கும். தோலை விரலால் அழுத்தினால் இரத்தம் விலகி அந்த இடம் வெளிறும். விரலை எடுத்தால்தான் நிறம் திரும்பும். பாட்டில் தொட்டால் நிறம் வருகிறது, விட்டால் போகிறது. உடம்பின் கணக்குக்கு நேர் தலைகீழ். கவிஞர்கள் உண்மையான நிறத்தை எடுத்துக்கொண்டு, அது வந்துபோகும் விதத்தை மட்டும் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அந்த விளையாட்டை எல்லை வரை கொண்டுபோனவர் திருவள்ளுவர். 119ஆம் அதிகாரம், பசப்புறு பருவரல், பத்துக் குறளும் இதைப் பற்றித்தான். வினைச்சொற்களை மட்டும் பொறுக்கிப் பார்த்தாலே போதும். ‘அவர்தந்தார் என்னும் தகையால் இவர்தந்தென் மேனிமேல் ஊரும் பசப்பு’ (1182). இவர்தல் என்றால் ஏறுதல். அவர் கொடுத்தது நான் என்ற பெருமையோடு மேனியில் ஏறி ஊர்கிறதாம். ‘விளக்கற்றம் பார்க்கும் இருளேபோல் கொண்கன் முயக்கற்றம் பார்க்கும் பசப்பு’ (1186). விளக்கு எப்போது அணையும் என்று மூலையில் காத்திருக்கும் இருட்டு போல, அணைப்பு எப்போது தளரும் என்று காத்திருக்கிறது. ‘புல்லிக் கிடந்தேன் புடைபெயர்ந்தேன் அவ்வளவில் அள்ளிக்கொள் வற்றே பசப்பு’ (1187). தழுவிக் கிடந்தவள் கொஞ்சம் புரண்டாள், அவ்வளவுதான், அள்ளிக்கொண்டுவிட்டது. ஊர்கிறது, காத்திருக்கிறது, அள்ளுகிறது. ஒரு நிறத்துக்கு இத்தனை வினைகளா!

இதில் ஒரு நுட்பம் உண்டு. பசலை என்பது நாள்பட வருவது. சாப்பாடு குறைந்து, தூக்கம் போய், மெல்ல மெல்லப் படிவது. கேட்கிறவர்களுக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் ‘உவக்காண்எம் காதலர் செல்வார் இவக்காண்என் மேனி பசப்பூர் வது’ (1185) என்பது தைக்கிறது. அதோ அவர் முதுகு இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது; இங்கே நிறம் மாறத் தொடங்கிவிட்டது. 1278ஆம் குறளில் இன்னும் குறும்பு: ‘நெருநற்றுச் சென்றார்எம் காதலர் யாமும் எழுநாளேம் மேனி பசந்து.’ அவர் போனது நேற்றுத்தான், எங்கள் மேனி பசந்து ஏழு நாள் ஆகிறது. கணக்கு இடிக்கிறது. பிரிவு உறுதியான நாளிலிருந்தே பசலை தொடங்கிவிட்டதா, ஒரு நாள் ஏழு நாளாக நீண்டதா, இரண்டில் எப்படி வைத்துக்கொண்டாலும் சரிதான்.

எனக்கு மிகவும் பிடித்தது 124ஆம் அதிகாரத்தின் கடைசி மூன்று குறள்கள். இங்கே பேசுபவன் தலைவன். அணைத்த கையைச் சற்றுத் தளர்த்தினேன், அவள் நெற்றி பசந்தது (1238). அணைப்பின் நடுவே குளிர்ந்த காற்றுப் புகுந்தது, கண் பசந்தது (1239). அடுத்து, ‘கண்ணின் பசப்போ பருவரல் எய்தின்றே ஒண்ணுதல் செய்தது கண்டு’ (1240). நெற்றி செய்ததைப் பார்த்துக் கண்ணின் பசப்பு வருந்தியதாம். கை தளர்ந்த அளவிலேயே நெற்றி பசந்துவிட, காற்று நுழையும் வரை பொறுத்திருந்தோமே என்று கண்ணின் பசப்புக்கு வெட்கம். ஒரு நிறம் இன்னொரு நிறத்தைப் பார்த்துக் கூசுகிறது. இதைக் கொஞ்சம் அதிகப்படி என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் பசலையை நிறமாக அல்லாமல் ஓர் ஆளாகவே பாவிக்கும் வழக்கம் முன்பே இருந்ததால்தான் இங்கே வரை வர முடிந்திருக்கிறது.

பக்கத்துச் சொற்கள் சிலவற்றையும் தெரிந்துகொள்வது நல்லது. சுணங்கு, திதலை என்பவையும் மேனியில் தோன்றும் பொன்னிறம்தான். புள்ளி புள்ளியாக, வேங்கைப் பூவின் நிறத்தில். ஆனால் அவை இளமையின் அழகுக் குறி. வெள்ளிவீதியார் பாடலில் ‘திதலை அல்குல் என் மாமைக் கவினே’ என்று அழகின் கணக்கில் திதலை வருகிறது, அதைத் தின்னும் கணக்கில் பசலை வருகிறது. ஏறக்குறைய ஒரே நிறம், ஒன்று நலம், இன்னொன்று நோய். தூவினாற்போல் இருந்தால் சுணங்கு, பரவினால் பசலை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பசு என்ற அடை இன்னொரு நிறத்தின் முன்னால் நின்று சாயலை மட்டும் சேர்ப்பதும் உண்டு. ‘பசுவெண் திங்கள்’ என்று குறுந்தொகை 129இல் கோப்பெருஞ்சோழன் பாடுகிறார். கடல் நடுவே தோன்றும் எட்டாம் நாள் பிறை. ‘பசுவெண் நிலவு’ நற்றிணை 196இல் வருகிறது. முழு வெள்ளையும் இல்லை, மஞ்சள் என்று சொல்லிவிடவும் முடியாது. வெள்ளைக்குள் லேசான வேறொன்று. மெல்லிய நிறங்களைச் சொல்லத் தமிழில் சொல் போதவில்லை என்று குறைப்படுகிறவர்கள் இப்படி இரண்டு நிறங்களை ஒட்டவைக்கும் வழியைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம்.

இனி, இன்றைய எழுத்து. சுவருக்கும் சேலைக்கும் பசலை பொருந்தாது. ‘பசலை நிறச் சட்டை’ என்று யாராவது எழுதினால் படிப்பவர் கீரையை நினைப்பார். (பசலைக்கீரையின் பெயரிலும் இருப்பது அதே பசு வேர்தான், பிரிவுத் துயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) பொருள்களின் மெல்லிய நிறத்துக்கு வெளிர், இளம், மங்கல் என்ற சொற்கள் இருக்கின்றன. ஒரு நிறத்துக்குள் இன்னொன்று எட்டிப் பார்த்தால் ‘நீலச் சாயல்’, ‘சிவப்பு ஓடிய கறுப்பு’, ‘சாம்பல் பூத்த பச்சை’ என்று சாயல், ஓடிய, பூத்த எல்லாம் நன்றாக வேலை செய்யும். சாயல் என்ற சொல்லிலும் ஒரு எச்சரிக்கை: பழைய பாடலில் அது மேனியின் மென்மையழகைக் குறிக்கும். ‘சாயலும் நாணும் அவர்கொண்டார் கைம்மாறா நோயும் பசலையும் தந்து’ (1183) என்ற குறளில் சாயலை நிறம் என்று படித்தால் பொருள் கோணிப்போகும்.

பசப்பு என்ற பெயரை இன்று தவிர்ப்பதே நல்லது. ‘பசப்பாதே’, ‘பசப்பு வார்த்தை’ என்று ஆசை காட்டி ஏய்ப்பதற்கே அது வழங்குவதால், ‘அவள் முகத்தில் பசப்பு தெரிந்தது’ என்று எழுதினால் நடிக்கிறாள் என்றுதான் புரிந்துகொள்வார்கள். பயத்தில் சட்டென்று முகம் மாறுவதற்கும் பசலை வேண்டாம். அதற்கு வெளிறுதல் இருக்கிறது. துயரமோ காத்திருப்போ உள்ளே தங்கி, ஒருவர் மேனியில் மெல்லப் படியும்போது, அதுவும் அவரை முன்பு நன்றாகப் பார்த்தவர் கண்ணில் படும்போது, பசலை சரியாக உட்காரும். பாடல்களில் அதை அவளே உணர்ந்து சொல்வாள், அல்லது தோழி போல அருகில் இருப்பவர் சொல்வார். முன்பின் பார்க்காத ஒருவருக்கு அந்த வேறுபாடு தெரிய வழியில்லை. ஆகவே கதையில் புதிதாக அறைக்குள் நுழையும் ஒருவர் கண்ணில் ‘பசலை படர்ந்த முகம்’ பட்டதாக எழுதுவது பொருந்தாது. ஆணுக்குச் சொல்லலாமா என்றால், மரபு பெரும்பாலும் பெண்ணுக்கே சொன்னது. இன்று எழுதுபவரை அது கட்டுப்படுத்த வேண்டியதில்லை.

‘பசலை நோய் வந்தது’ என்று பெயராக வைப்பதைவிடப் பாய்ந்தது, படர்ந்தது, ஊர்ந்தது என்று வினையோடு வைத்தால் சொல் உயிரோடு இருக்கும். என்னைக் கேட்டால் ‘பசந்தாள்’ என்ற வினைமுற்றையே திரும்பப் புழக்கத்துக்குக் கொண்டுவரலாம். ‘பசந்தாள் இவள்என்பது அல்லால் இவளைத் துறந்தார் அவர்என்பார் இல்’ (1188) என்ற குறளில் ஊர்ப்பேச்சு அப்படித்தான் இருக்கிறது: இவள் பசந்துபோனாள் என்கிறார்களே தவிர, அவர் விட்டுப் போனார் என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. உரையாடல் வாக்கியம் போலவே இருக்கிறது. அகராதியைத் திறக்காமல் பொருளும் விளங்குகிறது.